மேல

போர் போட்டதில் அறுநூறு அடிக்கும் தண்ணீர் இல்லை, புழுதிதான் வந்தது என்று அழகுமலை சந்திரவல்லியிடம் போனில் சொன்னார்.

போடியில் வீட்டு மாடியில் கம்ப்யூட்டர் வைத்துப் பதினொரு வருடமாக அவளுக்கு நிலத்தடி நீர் பார்க்கும் வேலை. தரையைச் சம்மட்டியால் அடித்தால் அதிர்வு பாறைக்குள் போய்த் திரும்பும். திரும்பிய நேரத்தைச் சாப்ட்வேரில் ஏற்றி ஆழப் படமாக மாற்றுவாள். தண்ணீர் ஓடும் விரிசல் சரிந்து கிடந்தால், படத்தில் முதலில் தப்பான இடத்தில்தான் தெரியும். தரையின் மேடு பள்ளத்தைச் சரியாகக் கொடுத்தால், உள்ள இடத்துக்கு நகரும். அவள் குறித்த இடம் இதுவரை பொய்த்ததில்லை.

அழகுமலை அவளுக்குச் சித்தப்பா முறை. குரங்கணிக்கு மேலே அவருடைய ஏலத்தோட்டம் காய்ந்துகொண்டிருந்தது. போர் வண்டி அங்கே ஏறியதே பெரிய பாடு. இறங்கிவிட்டால் அடுத்த வருடம்தான். அதுவரை செடி தாங்காது.

"ஒன் வாக்க நம்பித்தான் ஆத்தா எறக்குனேன்" என்றார். திட்டவில்லை.

அவளுக்காகத் தோட்டத்துக்குப் போய், வரிசையாக எண் போட்டுக் குச்சி நட்டுச் சம்மட்டி அடித்த தவசியைப் போனில் கூப்பிட்டாள்.

"அண்ணே, மொதக் குச்சி எங்க நட்டீங்க?"

"எழுதித்தான குடுத்தேன். மேல."

"மேலன்னா?"

"மேக்கே. ஓடைப் பக்கம். இம்புட்டுப் படிச்சும் தெச தெரியலயாக்கும்?"

"ஓடை பள்ளத்துலல்ல இருக்கும்?"

"பின்ன மரத்துலயா ஓடும்?"

போனை வைத்தாள். போடிக்காரர்களுக்கு மலை மேற்கே. மேல என்றால் மேற்கு, மேல என்றால் மேடு. இரண்டும் ஒன்று என்றே முப்பத்தாறு வருடம் இருந்துவிட்டாள். அந்தத் தோட்டமோ ஓடையிலிருந்து கிழக்கே ஏறுகிறது. வெளியூர்க்காரர் யாராவது இருந்தால் ஒரு வார்த்தை கேட்டிருப்பார்கள். அவள் கேட்கவில்லை. முதல் குச்சியை மேட்டில் வைத்துப் படத்தை ஓட்டியிருந்தாள்.

உயரங்களைத் திருப்பிப் போட்டு ஓட்டினாள். விரிசல் நகர்ந்தது. நம்பாமல் மறுபடி ஓட்டினாள். அதே இடம்.

"சித்தப்பா, வண்டி இருக்கா?"

"கெளம்பிருச்சு. ரெண்டாவது வளைவுல எறங்குது."

"மறிங்க. தப்பு என்னோடது. எடம் வேற."

யாரையோ கூப்பிட்டுக் கத்தியபடி அவர் ஓடும் சத்தம். ஹாரன். மூச்சு வாங்க வந்தார்.

"நிறுத்தியாச்சு. எங்கன்னு சொல்லு."

"மேல..." என்றவளுக்கு நாக்கு நின்றுவிட்டது.

"முப்பத்தோராவது குச்சி" என்றாள். "நீங்களே போய்க் கையால தொட்டுட்டுச் சொல்லுங்க. போன வைக்காதீங்க."