பாரிஸ் பெடியனுக்குத் தேங்காய்

இன்று ஜெர்மனியில், வுப்பர்டால் தமிழ்க்கடையில் தேங்காயைத் தட்டிப் பார்த்துக்கொண்டிருந்தேன்.

எங்கள் கால்பந்துக் கழகத்தின் எல்லா ஆட்டங்களுக்கும் வரும் செல்வண்ணை வந்து பக்கத்தில் நின்றார்.

"தங்கச்சி, உங்கட மனுசனிட்டச் சொல்லுங்கோ. எங்கட பெடியள் வெளியில குந்திக்கொண்டிருக்க, கோச் எண்டு அவர் பாரிஸிலயிருந்து ஆள் இறக்குறார். இப்பிடி வெண்டால் அது எங்கட கோப்பையோ?"

"நானும் சொல்லிப் பாத்தன் அண்ணை. கோல் அடிக்க இஞ்ச ஆள் இல்லையாம்."

"ஏன், என்ர மகன் இல்லையோ?"

நியாயம்தான். அவனைப் போல் அடிக்க இங்கே ஆளில்லை.

"அப்ப ஞாயிற்றுக்கிழமை மட்சுக்கு அவனைக் கூட்டிக்கொண்டு வாங்கோ."

அண்ணையும் ஒரு தேங்காயைத் தட்டினார்.

"ஞாயிறு ஏலாது. அவனை ஸ்விஸ் கழகம் ஒண்டு கேட்டிருக்கு. டிக்கெட்டும் போட்டிட்டாங்கள்."

நான் இரண்டு தேங்காய் வாங்கி வந்தேன். பாரிஸ் பெடியன் எங்கள் வீட்டில்தான் தங்குகிறான்.

அவனுக்குத் தேங்காய்ப்பால் சொதியா, தேங்காய்ச் சம்பலா? அதை மட்டும் சொல்லுங்கள். மற்றதெல்லாம் கடையிலேயே கேட்டுவிட்டேன்.