சீனிச் சரையும் எண்பத்திரண்டு கிலோவும்

"மிஸ்ஸி, தாய்மாருக்குச் சாப்பாட்டு வகுப்பு எடுக்கிறீங்க. உங்கட பிறஷரைப் பார்த்தீங்களா? மூண்டு மாசம் தாறன். நிறை குறையாட்டி ஃபீல்ட் வேலை இல்ல, ஒபிசில இருந்து கார்ட் அடுக்குங்க."

சொன்னவர் எங்கள் வைத்திய அதிகாரி. என்னைவிடப் பதினைந்து வயது இளையவர். எனக்கு அப்போது வயது ஐம்பத்திரண்டு, நிறை எண்பத்திரண்டு கிலோ. நான் அரசாங்க மருத்துவிச்சி. ஊரார் 'மிஸ்ஸி' என்பார்கள்.

யுத்த காலம். காலையில் தோணித்துறையில் ஆமிக்காரர் பையைச் சோதித்து, சாமான்களை அளந்துதான் விடுவார்கள். பிறகு வாவியைக் கடந்து மேற்குக் கரையான படுவான்கரையில் இறங்கி, சைக்கிளில் வீடு வீடாகப் போவேன். அந்தப் பக்கம் ஐந்து ஊர்களுக்கும் நான் ஒருத்திதான். என்னை ஒபிசில் இருத்திவிட்டால் வேறு யாரும் அங்கே போகப்போவதில்லை. இது டொக்டருக்கும் தெரியும், எனக்கும் தெரியும். பயந்துவிட்டேன்.

முதல் மாதம் இரவுச் சோற்றை விட்டுக் குரக்கன் பிட்டு தின்றேன். அடுத்து கொள்ளுக் கஞ்சி. அது வயிற்றைப் படுத்திய பாட்டைச் சொல்லாமல் விடுகிறேன். கடைசியில் மத்தியானமும் வெறும் பப்பாசிப் பழம். பசியில் எல்லோர் மீதும் எரிந்து விழுந்தேன். இரண்டு மாதம் இப்படிப் பட்டினி கிடந்த பிறகு, படுவான்கரை அரிசி மில்லில் நெல் நிறுக்கும் தராசில் ஏறினேன். எண்பத்து மூன்று!

"மிஸ்ஸி, ஒரு மூட்டையும் கால் மூட்டையும் வருது" என்றார் மில்காரர். அவரோடு ஒரு கிழமை பேசவில்லை.

அதற்கு அடுத்த கிழமை, நான் பார்க்கும் தாய்மாரில் ஒருத்தியான பூமணியின் வீட்டுக்குப் போனேன். அவளுடைய இரண்டாவது பிள்ளைக்கு ஒன்றரை வயது. பிள்ளையின் வளர்ச்சிக் கார்ட்டில் நிறைக்கோடு இரண்டு மாதமாக ஏறவேயில்லை. மாமரத்துக் கொப்பில் தராசைக் கொழுவிப் பிள்ளையை நிறுத்தேன். அன்றும் அதே நிறைதான். வழக்கம்போலப் பூமணி தேத்தண்ணி தந்தாள், மூன்று கரண்டி சீனியோடு. ஒரு நாளைக்கு எட்டு ஒன்பது வீடு போவேன். எந்த வீட்டிலும் குடிக்காமல் எழும்பினால் மனத்தாங்கலாகிவிடும். இத்தனை வருடத்தில் அதை நான் சாப்பாட்டுக் கணக்கில் சேர்த்ததே இல்லை. வேலையில் ஒரு பகுதி என்றுதான் நினைத்திருந்தேன்.

தேத்தண்ணியைக் குடித்துக்கொண்டே அதட்டினேன். "என்னகா இது? நேற்று விடியத் தொடக்கம் பிள்ளைட வாயில போனதெல்லாம் ஒண்டும் விடாமச் சொல்லு."

"கஞ்சி மிஸ்ஸி. மறுகா சோறு. பின்னேரமும் கஞ்சிதான்."

"கஞ்சிக்குக் கொஞ்சம் தேங்காய்ப்பாலும் சீனியும் விடச் சொன்னனே?"

பூமணி தலையைக் குனிந்தாள். "பால் விடுறன் மிஸ்ஸி. சீனி இல்ல. துறையில கொஞ்சம்தானே விடுறாங்க. கிடைக்கிறத நீங்க வந்தாக் குடுக்கவெண்டு சரையாக் கட்டி வெச்சிடுவன். எல்லா வீட்டிலயும் அப்பிடித்தான்."

அடுப்புக்கு மேலே கம்பியில் அந்தக் கடதாசிச் சரை தொங்கிக்கொண்டிருந்தது. கோப்பையைக் கீழே வைத்துவிட்டேன். அவ்வளவு வெட்கம். டொக்டர் சொன்னது, பிட்டு, கஞ்சி, பப்பாசி எல்லாவற்றையும் அவளிடம் கொட்டிவிட்டேன். கேட்டுக்கொண்டிருந்தவளுக்குக் கோபம் வந்துவிட்டது.

"இத முன்னமே சொல்ல வாய் இல்லியா? நீங்க வராட்டி எங்கட கதி என்ன? இண்டையோட உங்களுக்குச் சீனி இல்ல!"

செய்தி என் சைக்கிளைவிட வேகமாகப் போயிருந்தது. மறுநாள் போன வீடுகளில் எல்லாம் சீனி போடாத வெறுந்தேத்தண்ணி. பப்பாசியை விட்டேன், மத்தியானம் அளவாகச் சோறும் மீனும் தின்றேன். தவணை முடிந்த அன்று ஒபிஸ் தராசு எழுபத்தொன்பது காட்டியது. பிறஷரும் இறங்கியிருந்தது.

"என்ன டயட் மிஸ்ஸி?" என்றார் டொக்டர்.

"படுவான்கரை டயட், ஐயா."

அவருக்கு விளங்கவில்லை, ஆனாலும் நான் ஃபீல்டுக்குப் போகலாம் என்று சிரித்தபடி கையெழுத்து வைத்தார். வெளியே வந்து வாங்கில் உட்கார்ந்தபோதுதான் மூச்சே வந்தது.

இளைய மிஸ்ஸிமாரே, ஒரு வீட்டில் பிள்ளை என்ன தின்றது என்று அதட்டுவதற்கு முன், அங்கே நீங்கள் என்ன தின்றீர்கள் என்று ஒருமுறை யோசியுங்கள். நான் அதைக் கற்றுக்கொள்ள ஐம்பத்திரண்டு வயதாகிவிட்டது.

அடுத்த நிறுவையில் பூமணியின் பிள்ளை முந்நூறு கிராம் கூடியிருந்தான். கம்பியில் சரை இல்லை.