தலைகீழாகப் பிடித்த டச் பிளேயர்

சொல்யூஷன் வாசனை... ஷூ கம்பெனியில் வேலை பார்த்தவர்களுக்குத் தெரியும். தோலை ஒட்டி மடிக்கும் அந்தப் பசை விரல் நுனியில் காய்ந்து, சோப்பு போட்டாலும் போகாது. ஷிஃப்ட் முடிந்து ஆம்பூரிலிருந்து பேரணாம்பட்டு போகும் கம்பெனி பஸ்ஸில் ஏறியதும் நானும் நஸ்ரீனும் செய்யும் முதல் வேலை, அந்தப் பசையை நகத்தால் உரித்துப் போடுவதுதான்.

உரிக்காவிட்டால் ஸ்க்ரீன் எங்கள் விரலை விரலாகவே மதிக்காது.

நஸ்ரீன் என் தையல் லைனில் பக்கத்து மெஷின். அவளுடைய அண்ணன் துபாயிலிருந்து அனுப்பிய டச் பிளேயர் அது. உள்ளங்கையில் அடங்கும், சிம் கிடையாது, கேமரா கிடையாது. பாட்டு, வீடியோ, எஃப்எம், பக்கவாட்டில் மெமரி கார்டு போட ஒரு சின்ன வாய். தலையில் ஊசி நுழையும் அளவுக்கு ஒரு மைக் ஓட்டை. முதல் சில நாள் பாட்டு மட்டும்தான் கேட்டோம்.

அப்புறம் ஒரு நாள் நஸ்ரீன் வாடிய முகத்தோடு வந்தாள். இந்த சீசனோடு வேலையை நிறுத்திவிடு என்று வீட்டில் சொல்லிவிட்டார்களாம். லைனில் உட்கார்ந்து தைக்க இவ்வளவு தூரம் போக வேண்டுமா என்பது அவள் அம்மாவின் கேள்வி. சாம்பிள் ரூம் வேலை என்றால் மட்டும் யோசிக்கலாமாம்.

புது மாடல் ஷூவை முதன்முதலில் தைத்துப் பார்க்கும் இடம் சாம்பிள் ரூம். அங்கே போக வேண்டுமென்றால் வெளிநாட்டிலிருந்து வரும் டெக்னீஷியன் மேடம் பேசும் இங்கிலீஷ் புரிய வேண்டும். நாங்கள் படித்தது தமிழ் மீடியம். மேடம் பேசினால் சூப்பர்வைசர் சாருக்கே பாதிதான் பிடிபடும்.

"அவங்க பேசறதையே புடிச்சி வெச்சிக்கலாம்டி," என்றாள் நஸ்ரீன்.

மறுநாள் லஞ்ச் நேரத்தில் மேடத்திடம் போய் நின்றோம். பிளேயரைக் காட்டி, வாயைக் காட்டி, ப்ளீஸ் என்றோம். அவர் சிரித்துவிட்டு, ஒரு ஷூவைக் கையில் எடுத்து, எங்கே சுருக்கம் விழும், எங்கே நூல் தளரும் என்று ஒவ்வொன்றாகச் சொல்லி ரெக்கார்ட் செய்து கொடுத்தார்.

அந்தப் பிளேயரில் ஏ-பி ரிப்பீட் என்று ஒன்று இருந்தது. ஒரு இடத்தில் ஏ தட்டி, இன்னொரு இடத்தில் பி தட்டினால் அந்தத் துண்டு மட்டும் திரும்பத் திரும்ப ஓடும். ஆளுக்கு ஒரு காதில் இயர்போன். ஒரே வாக்கியம்... போகும்போதும் வரும்போதும். பிறகு நாங்கள் பேசி ரெக்கார்ட் செய்து, அவர் குரலோடு ஒப்பிட்டுச் சண்டை போடுவோம். பஸ்ஸில் இருந்தவர்களுக்கு நாங்கள்தான் காமெடி.

ஒரு நாள் டிரைவர் போட்ட பிரேக்கில் பிளேயர் கை நழுவி படிக்கட்டு வரை உருண்டது. பாட்டு ஓடியது, வெளிச்சம் இருந்தது. ஆனால் ஸ்க்ரீனின் கீழ்ப்பகுதி செத்துவிட்டது. ஏ-பி பட்டன் இருந்ததே அங்கேதான்.

ஆம்பூரில் செல்போன் ரிப்பேர் கடைக்காரர் பிரித்துப் பார்த்துவிட்டு, இந்த மாடலுக்கு டிஸ்ப்ளே வராது, தூக்கிப் போடுங்கள் என்றார். நஸ்ரீன் அதை வாங்கிப் பைக்குள் வைத்தாள்.

பஸ்ஸில் மறுபடி எடுத்தாள். தட்டினாள், அழுத்தினாள், சாய்த்தாள். சாய்த்தால் படம் திரும்புவது எங்களுக்கு முன்பே தெரியும், வீடியோ பார்க்கும்போது கவனித்திருக்கிறோம். அவள் அப்படியே முழுசாகத் தலைகீழாகக் கவிழ்த்தாள். படமும் கூடவே திரும்பி நேராக நின்றது. கீழே இருந்த பட்டன்கள் எல்லாம் உயிரோடு இருந்த பக்கத்துக்கு வந்துவிட்டன.

ஏ தட்டினாள். பி தட்டினாள். மேடத்தின் குரல் மறுபடி சுற்ற ஆரம்பித்தது.

"தூக்கிப் போடணுமாம்," என்றாள். எனக்குத்தான் கண் கலங்கியது.

அடுத்த முறை மேடம் வந்தபோது, சாம்பிள் ரூமுக்கு ஆள் எடுக்கிறோம், அவரோடு நேரடியாகப் பேச முடிந்தவர்கள் வரலாம் என்றார் சூப்பர்வைசர் சார். நாங்கள் இருவரும் எழுந்தோம். லைன் முழுக்கத் திரும்பிப் பார்த்தது. மேடம் ஒரு ஷூவை நீட்டி மடமடவென்று பேசினார். எனக்கு ஒன்றும் ஏறவில்லை.

"மேடம், ப்ளீஸ் ஸே இட் ஸ்லோலி," என்றேன்.

அவர் மெதுவாகச் சொன்னார். முன்பக்கம் சுருக்கம் விழுகிறது, ஏன்? நூல் இழுவை ஜாஸ்தி என்று நான் சொன்னேன். தோல் அந்த இடத்தில் மெலிசாக இருக்கிறது என்று நஸ்ரீன் சேர்த்துக்கொண்டாள். மேடம் எங்களையே பார்த்தார். பிறகு விழுந்து விழுந்து சிரித்தார். எங்கள் இங்கிலீஷ் அப்படியே அவருடைய ஊர் இழுவையோடு இருந்ததாம்!

இருவரையும் எடுத்தார்கள். நஸ்ரீன் வீட்டில் அப்புறம் அந்தப் பேச்சே எழவில்லை. கல்யாணத்துக்குப் பிறகும் வேலைக்குப் போனாள். இப்போது ராணிப்பேட்டையில் ஒரு கம்பெனியில் சாம்பிள் ரூம் முழுக்க அவள் பொறுப்பு.

நான் அதே பேரணாம்பட்டு பஸ்ஸில்தான் இன்னும் போய் வருகிறேன். இன்று பஸ்ஸில் எல்லார் கையிலும் போன். யார் எந்த பாஷையில் பேசினாலும் அதுவே தமிழில் மாற்றிச் சொல்லிவிடுகிறது. நல்லதுதான், நானும் பயன்படுத்துகிறேன். அதில் இருக்கும் வசதிகளில் பாதியை நான் திறந்துகூடப் பார்த்ததில்லை. அன்று அந்தச் சின்ன டப்பாவில் என்னென்ன இருக்கிறது என்று தோண்டித் தோண்டிப் பார்த்தோம்...

இப்போது இத்தாலியிலிருந்து ஆட்கள் நிறைய வருகிறார்கள். அதனால் இத்தாலியன் படிக்க ஆரம்பித்திருக்கிறேன். நஸ்ரீனிடம் போனில் சொன்னேன்.

"இந்த வயசுல உனக்கு இன்னாத்துக்குடி இந்த பேஜார்?" என்று கேட்டாள். அடுத்த நிமிஷமே, எந்த ஆப்பில் படிக்கிறாய் என்றும் கேட்டாள்.

தப்பாகச் சொன்னால் தலையில் தட்ட பக்கத்து சீட்டில் ஆள் இல்லை, அதுதான் குறை. இருந்தாலும் விடுவதாக இல்லை. நேற்று காலை ஆம்பூர் வந்து சேருவதற்குள் ஒரு முழு வாக்கியம் தடுக்காமல் வந்தது.