காதுக்குள் ஒரு நாற்றங்கால்

போன வாரம் எங்கள் கழனி மோட்டாரின் காயில் கம்பி கருகிப்போனது. காரணம் — என் காது!

எங்கள் பாகூர் பக்கமெல்லாம் மோட்டாரைப் போட்டுவிட்டு வீட்டுக்கு வந்து, காதால்தான் காவல் காப்போம். தண்ணீர் ஏறும்வரை சத்தம் கனமாக இருக்கும். தண்ணீர் நின்றால் மெலிந்து கீச்சென்று மேலே போகும். உடனே ஓடிப்போய் நிறுத்த வேண்டும். அன்றைக்கு நான் ஈஸி சேரில் சுகமாகச் சாய்ந்திருந்தேன். என் காதுக்கு எந்த மாற்றமும் தெரியவில்லை. அடுப்படியிலிருந்து என் மனைவி வசந்தா கூப்பிட்டுக்கொண்டே இருந்தாளாம். அதுவும் விழவில்லை.

மோட்டார் போனதைக்கூட அவள் பொறுத்துக்கொண்டாள்.

“டீக்கடையில உங்க கூட்டாளி முணுமுணுத்தா கேக்குது. நான் கூப்புட்டா மட்டும் கேக்கல, இல்ல?”

அதோடு பேச்சு நின்றது. இத்தனை வருஷமாக வேண்டுமென்றே அவளை அலட்சியம் செய்கிறேனாம். என்ன சொல்லி நம்பவைப்பது? தவித்துப் போனேன்.

கடைசியில் அவளையும் கூட்டிக்கொண்டு வில்லியனூரில் ஒரு காது டாக்டரிடம் போனேன். ஹெட்போனை மாட்டி, சத்தம் கேட்டால் கையைத் தூக்கச் சொன்னார். கட்டைச் சத்தங்களுக்குக் கை டக்கென்று எழுந்தது. அப்புறம்... மடியிலேயே கிடந்தது.

உள்காதில் நத்தை ஓடு மாதிரி ஒரு சுருள் இருக்கிறதாம். அதற்குள் நீர், நீருக்குள் வரிசை வரிசையாகப் பொடி மயிர்கள். கீச்சுச் சத்தம் வாசல் பக்கத்தை ஆட்டும். கட்டைச் சத்தம் சுருளின் கடைசிவரை போய் ஆட்டும். எந்த இடம் ஆடியது என்பதை வைத்துத்தான் மூளை இது கீச்சா, கட்டையா என்று பிரிக்கிறது. வயதானால் வாசல் பக்கம்தான் முதலில் தேயுமாம்.

நான் சொக்கிப்போனேன். காதுக்குள் ஒரு நாற்றங்கால்! ஒவ்வொரு பாத்திக்கும் ஒவ்வொரு காற்று... அதில் வசந்தாவின் மெல்லிய கீச்சுக்குரலுக்கு அசைய வேண்டிய பாத்தி மட்டும் பட்டுப்போயிருக்கிறது. பக்கத்திலேயே உட்கார்ந்து அவளும் எல்லாவற்றையும் கேட்டாள்.

திரும்பும் வழியில், ஏரிக்கரையில் ஸ்கூட்டரை நிறுத்தச் சொல்லி முதுகைத் தட்டினாள். சாயங்கால வெயிலில் தண்ணீர் அசையாமல் கிடந்தது. வேலமரம் முழுக்கச் சிட்டுகள். அலகுகள் திறந்து திறந்து மூடின. எனக்கோ ஊமைப்படம்.

கேட்கிறதா என்று சைகையில் கேட்டாள். இல்லையென்று தலையாட்டினேன்.

என் காதோரம் குனிந்து, தொண்டையைக் கனைத்து, ஆம்பளைக் குரலில் சொன்னாள்: “கீச்... கீச்... இப்டிதாங்க கத்துது. வேணும்னே பண்றீங்கன்னு நெனச்சிட்டேன்.”

ஒரு எழுத்து விடாமல் கேட்டது. கண் கலங்கிவிட்டது.

டாக்டர் காதுக்கு மெஷின் எழுதிக் கொடுத்திருக்கிறார். எனக்கொன்றும் அவசரமில்லை!