துஷாவின் காலுக்கு நான் வைத்த நேர்த்தி

அடியார்களே, முதலில் என் முட்டாள்தனத்தைச் சொல்லிவிடுகிறேன். பக்கத்து வயல் இராசதுரையின் மகள் துஷா, பல்கலைக்கழக வாசலில் ஆட்களைத் திரட்டிக்கொண்டு என் மகளுக்காகக் காத்திருப்பாள் என்று முழுதாக நம்பினேன்.

காரணம் இருந்தது. கண்டாவளையில் எங்கள் இருவரின் வயலுக்கும் ஒரே வாய்க்கால். கடந்த வைகாசியில் சிறுபோக நெல்லுக்குத் தண்ணீர் குறைந்தபோது, இராசதுரையின் முறை நாளில் நான் வாய்க்காலின் மண்கட்டை வெட்டித் தண்ணீரை என் பக்கம் திருப்பினேன். அவன் மண்வெட்டியோடு வந்தான். நானும் மண்வெட்டியோடு நின்றேன். பயத்தில் அதைத் தலைகீழாகப் பிடித்திருந்தது பிறகுதான் தெரிந்தது. அன்றோடு எங்களுக்குள் கதைபேச்சு முறிந்தது.

அடுத்த வாரம் என் மகள் கவிக்குத் தெற்கே பல்கலைக்கழகம் கிடைத்தது. பஸ்ஸில் பத்து மணித்தியாலம். எங்கள் பக்கத்தில் அங்கே படிப்பவள் துஷா ஒருத்திதான். மூன்றாம் வருடம்.

மூத்த மாணவர்கள் புதியவர்களுக்குச் செய்யும் பகிடிவதைக்குத் தயார்ப்படுத்துகிறேன் என்று கவியை முற்றத்தில் நிறுத்தித் தினமும் கத்தினேன். ஐந்து கிலோ மிளகாய்த்தூள் கட்டிக் கொடுத்தேன்.

"சமைக்கவோ, எறியவோ அப்பா?"

"ரெண்டுக்கும்."

பிள்ளை சாப்பாட்டைக் குறைத்தாள். பிறகு, "நான் போகேல்ல" என்றாள்.

மனைவி என்னை முறைத்தாள். "பகிடிவதையை நீங்களே செய்து முடிச்சிட்டியள். இனிச் சந்தோசமா இருங்கோ."

வாய்க்கால் கரைப் பிள்ளையாரிடம் ஓடினேன். துஷாவின் கால் முறிந்து அவள் வீட்டில் கிடந்தால் பத்துத் தேங்காய் உடைப்பதாக நேர்த்தி வைத்தேன். ஓம், கோயிலில் நின்றுதான் கேட்டேன். திரும்பி வந்தால், கவி பையிலிருந்த உடுப்புகளை அலுமாரியில் அடுக்கிக்கொண்டிருந்தாள். பதிவுக்கு மூன்று நாள்தான். அவளைப் பயமுறுத்தியது நானேதான். மறுபடி போய் அழுதேன். "அப்பனே, அந்தக் காலை விடு. என்ர பிள்ளைக்கு ஒரு துணை தா."

மறுநாள் பின்னேரம் துஷா வந்தாள். நொண்டிக்கொண்டு. முழங்காலில் இரத்தம். எனக்கு உயிர் போய் வந்தது.

"வாய்க்கால் கட்டில சைக்கிளோட விழுந்திட்டன். நீங்கள் வெட்டின இடம்தான், மாமா."

"முறிஞ்சிட்டுதோ பிள்ளை?"

"ஏன், முறியோணுமோ?"

தண்ணீர் அள்ள ஓடினேன். காயத்தைக் கழுவத் தண்ணீர் வாங்கினாள்; மனைவி கொடுத்த தேத்தண்ணீரைத் தொடவில்லை. கவியின் பையைத் திறந்து மிளகாய்த்தூளை எடுத்து என் முன்னால் வைத்தாள். எங்கே இறங்குவது, சிங்களத்தில் சாப்பாடு எப்படிக் கேட்பது, யாராவது தொந்தரவு செய்தால் யாரிடம் முறையிடுவது, எல்லாம் எழுதிக் கொடுத்தாள்.

"கவி போகமாட்டாளாம் எண்டு கேள்விப்பட்டன். அங்க முதல் கிழமை எனக்குச் சொல்லித்தர ஆருமில்லை. பிஸ்கட்டோட கிடந்தனான். உங்களில கோபம் அப்பிடியே இருக்கு. அதை இவளில காட்டமாட்டன்."

வாசல் படலையில் திரும்பினாள். "அப்பா உங்களை நாலு பேச்சுப் பேசிப்போட்டு வரச் சொன்னவர். இண்டைக்கு நேரமில்லை."

அன்றிரவு கவி இரண்டு முறை சோறு வாங்கினாள்.

விடிந்ததும் வெட்டிய மண்கட்டை நானே அடைத்தேன். இராசதுரை பார்த்துக்கொண்டு நின்றான். "மண் காணாது, இன்னும் போடு" என்றான். இன்றுவரை அவன் என்னோடு பேசியது அவ்வளவுதான். பத்துத் தேங்காயும் உடைத்தேன். எதற்கென்று ஐயரிடம் சொல்லவில்லை.

இப்போது பயம் வந்தால் பிள்ளையின் தலையில் கொட்டுவதில்லை. நேரே பிள்ளையாரிடம் போகிறேன். நீங்களும் போங்கள். அடுத்தவர் வீட்டுக் காலை மட்டும் கேட்காதீர்கள்.

பதிவு நாளன்று பல்கலைக்கழக வாசலில் துஷா காத்துத்தான் நின்றாள். தனியாக. கவியின் பையில் ஒரு பிடியை வாங்கிக்கொண்டு அவளை உள்ளே கூட்டிப் போனாள்.