தோல் நாற்றம் ஏறிய பங்களா

அந்தப் பங்களாவுக்குள் முதல் தடவை நுழைந்தபோது, நான்கு அடி வைப்பதற்குள் வெளியே ஓடிவந்து வேலியோரம் வாந்தி எடுத்தேன். என்னை அழைத்துப் போயிருந்த முதலாளி படியில் நின்று சிரித்தார்.

"என்ன தம்பி, மசக்கையா?"

எனக்கு அப்போது இருபத்தேழு வயது. சிங்கப்பூரிலேயே பிறந்தவன். ஒரு வெள்ளைக்காரக் கட்டடக் கம்பெனியில் ஆறு வருஷம் வரைபடங்களை நகலெடுத்துவிட்டு, சொந்தமாக மராமத்து வேலைகளை எடுத்துச் செய்யத் தொடங்கியிருந்தேன். சிராங்கூன் சாலையில் மின்சார ட்ராம் புதிதாக ஓடிக்கொண்டிருந்த காலம். முதலாளி மாட்டு வியாபாரி. கப்பல் கப்பலாக மாடுகளை இறக்கித் தேக்கா வட்டாரத்துப் பட்டிகளில் அடைத்து விற்பவர். குடும்பத்தோடு கடைவீட்டு மாடியில் இருந்தார். இப்போது இந்தப் பங்களாவை வாங்கியிருந்தார்.

அறுபது எழுபது வருஷத்துக்கு முன்னால் கட்டடம் வரையும் ஒரு துரை தான் குடியிருப்பதற்காகவே வரைந்து கட்டிய வீடு அது. பத்திரக் கட்டுக்குள் அவர் கைப்பட வரைந்த ஒரு தாள் மடிந்து கிடந்தது. அதைப் பிரித்து வெளிச்சத்தில் வைத்துப் பார்த்தேன். வீடு தரையில் உட்காரவில்லை. இடுப்பளவு உயரமுள்ள செங்கல் வளைவுகளின் மேல் நின்றது. அடியில் காற்று புகுந்து போகும். நடுக்கூடத்துக்கு மேலே, கூரையின் உச்சியில், தொப்பியைக் கொஞ்சம் தூக்கிப் பிடித்தாற்போல் இன்னொரு சின்னக் கூரை. உள்ளே சேரும் வெக்கை அதன் இடுக்கு வழியாக வெளியே போய்விடும். இந்த ஊர் வெயிலையும் மழையையும் உடம்பால் அறிந்தவர் போட்ட கோடுகள்.

"அந்தத் துரை கட்டினபடியே திரும்ப வரணும். ஒரு ஆணி மாறக் கூடாது," என்றார் முதலாளி. "பெரிய பெரிய துரைங்க வந்து பார்த்து அசந்து போவணும்."

தாளில் இருந்த வீட்டுக்கும் எதிரே நின்ற வீட்டுக்கும் சம்பந்தமே இல்லை. கடைசிப் பத்து வருஷம் அது தோல் கிடங்காக இருந்திருக்கிறது. உப்புப் போட்ட பச்சைத் தோல்களைக் கூடத்தில் ஆளுயரத்துக்கு அடுக்கியிருந்தார்கள். அடுக்கிலிருந்து வடிந்த நீர் பலகைத் தரையைத் தின்றுவிட்டு அடியில் இறங்கியிருந்தது. கீழே வளைவுகளுக்கு இடையில் தோல் துண்டுகள், கொழுப்பு, மயிர், குளம்புகள் எல்லாம் சேர்ந்து ஒரு கறுப்புச் சேறு. அதன் மேற்பரப்பு அசைந்துகொண்டிருந்தது. குனிந்து பார்த்தபோதுதான் புழு என்று தெரிந்தது.

கூலியாட்கள் உள்ளே போக மறுத்தார்கள். அவர்களை வெட்கப்படுத்துவதற்காக நானே முதலில் மண்வெட்டியோடு தவழ்ந்து போனேன். முழங்கை வரை வழுவழுவென்று அது ஏறியது. பதினொரு நாள் அள்ளினோம். அந்தப் பதினொரு நாளும் நான் சோற்றை மோர் ஊற்றிக் கண்ணை மூடிக்கொண்டு விழுங்கினேன். நகத்துக்குள் இருந்த வாடை எலுமிச்சம் பழத்துக்கும் போகவில்லை.

அடுத்தது கூரை. என்னோடு வேலை செய்த சீனத் தச்சர் ஐம்பது வயதுக்காரர். நாங்கள் மலாயில் பேசிக்கொள்வோம். கூடத்தின் மேல்தட்டில் அவர் ஒரு பலகையைத்தான் நெம்பினார். வௌவால் எச்சம் மூட்டை அவிழ்ந்தாற்போல் எங்கள் தலைமேல் கொட்டியது. செத்த குஞ்சுகளும் அதோடு விழுந்தன. தச்சர் வாயில் போனதைத் துப்பிவிட்டு, "புசோக், புசோக்," என்று கத்தினார். அழுகல் என்பதற்கு மலாயில் அதுதான் வார்த்தை. அந்த ஒரு மாதத்தில் அவர் வேறு வார்த்தையே அதிகம் பேசவில்லை.

மேலே ஏறிப் பார்த்தோம். சின்னக் கூரையின் இடுக்கு முழுவதும் பலகை வைத்து அடைக்கப்பட்டிருந்தது. சாரல் தோல்மேல் படாமல் இருக்கச் செய்த வேலை.

"காத்துப் போற வழி ஒண்ணு விடாம அடைச்சிருக்கான்," என்றார் தச்சர். "எந்தப் பன்றி இப்படிச் செய்யும்?"

அவர் பிடுங்கிக் கீழே போட்ட பலகைகளை நான் புரட்டிப் பார்த்தேன். மாட்டுக் கப்பலில் தொழுவம் அடிக்கிற பலகைகள். ஒவ்வொன்றிலும் வட்டத்துக்குள் ஒரு சூலம் சுட்டுப் பதிக்கப்பட்டிருந்தது. அந்த முத்திரையைத் தேக்காவில் அறியாதவர் கிடையாது. முதலாளியின் மாடு ஒவ்வொன்றின் தொடையிலும் அதுதான் இருந்தது.

மறுநாள் அவர் வந்தபோது கேட்டேன். "முதலாளி, மேலே அடைச்சிருந்த பலகையில நம்ம முத்திரை இருக்கு."

"இருக்கும்." வெற்றிலையை ஒதுக்கிக்கொண்டார். "கிடங்கு நான்தான் வச்சிருந்தேன். வேற ஆளு பேர்ல வாடகைக்கு எடுத்து."

"வீட்டைப் பாழாக்கினது..."

"பாழாகாம இருந்தா அந்தத் துரையோட வாரிசுங்க எனக்கு வித்திருப்பானுங்களா? நாத்தம் தாங்காமத்தானே தள்ளிவிட்டானுங்க!" என்று சிரித்து, நாங்கள் இரண்டு நாளாகத் தேய்த்துக் கழுவியிருந்த படியில் எச்சிலைத் துப்பினார்.

அன்றே வேலையை விட்டிருக்க வேண்டும். விடவில்லை. அந்த வரைபடத்தை விட்டுப் போக மனமில்லை என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டேன். துரைமார் காதில் என் பெயரும் விழும் என்ற ஆசையைச் சொல்லிக்கொள்ளவில்லை.

தரைப்பலகைகளை மாற்றினோம். அடைபட்டுக் கிடந்த மற்ற வளைவுகளையும் திறந்தோம். சின்னக் கூரை மறுபடி மூச்சுவிட்டது. முட்டை வெள்ளைக்கருவும் வெல்லமும் சேர்த்து அரைத்த சுண்ணாம்பைப் பழையபடி பூசினோம். ஆனால் சுவர் ஏற்கவில்லை. கீழே இடுப்பளவுக்கு, பூசிய பத்தாம் நாளே உப்புப் பூத்தது; பழுப்பாக ஈரம் கசிந்தது. செங்கல் பத்து வருஷமாகக் குடித்ததைக் கக்கிக்கொண்டிருந்தது.

"பூச்சை உரிச்சிட்டு ஈரக் களிமண் அப்பணும், முதலாளி. மண்ணு உப்பை உறிஞ்சும். காய்ஞ்சதும் எடுத்துட்டுத் திரும்பத் திரும்ப அப்பணும். ஒரு வருஷமாவது ஆகும்," என்றேன்.

"எட்டு நாள்ல துரைங்க தேத்தண்ணிக்கு வர்றாங்க. சிமெண்டை அடிச்சு மூடு."

"வாடை உள்ளேயே நின்னுடும்."

"உள்ளேதானே? நிக்கட்டும்."

பீப்பாய் பீப்பாயாகச் சிமெண்டு வந்தது. நான் பூசினேன். அதோடு நிற்கவில்லை; சிமெண்டின் மேல் சுண்ணாம்புப் பாலை ஊற்றி, கூழாங்கல்லால் தேய்த்து, பழைய பூச்சைப் போலவே மினுக்க வைத்தேன். யாரும் வித்தியாசம் கண்டுபிடிக்க முடியாது. அந்தக் கைத்திறனை நினைத்தால் இன்றைக்கும் எனக்குக் கூசுகிறது.

விருந்தன்று மாலை நல்ல மழை. சாரலுக்காகச் சன்னல்களைச் சாத்தியிருந்தார்கள். கூடத்தில் முப்பது பேர். முதலாளி கோட்டும் ஜரிகைத் தலைப்பாகையுமாக ஒவ்வொரு துரையையும் கூரைக்குக் கீழே நிறுத்தி அண்ணாந்து பார்க்க வைத்தார். நான் சுவரைப் பார்த்துக்கொண்டிருந்தேன். சிமெண்டு முடிந்த கோட்டுக்கு மேலே, நல்ல பூச்சில், பழுப்பு ஈரம் கையளவு ஏறியிருந்தது. பிறகு அது வந்தது. ஊறிய தோலும் பழைய கொழுப்பும் கலந்த அந்த வாடை. ஒரு துரைசானி கையிலிருந்த கேக்கை மெதுவாகத் தட்டில் வைத்துவிட்டுக் கைக்குட்டையை எடுத்தாள். முதலாளி கண்ணைக் காட்ட, வேலைக்காரர்கள் பன்னீரைத் தெளித்தார்கள். பன்னீரும் அந்த வாடையும் கலந்ததை என்னால் எழுத முடியாது. அரைமணி நேரத்தில் மழையோடு மழையாக எல்லோரும் வண்டி ஏறிவிட்டார்கள்.

முதலாளியின் மனைவி அன்றுதான் அந்த வீட்டுக்குள் முதன்முதலாக வந்திருந்தார். அதுவரை பின்கட்டில் இருந்தவர், கூடத்துக்கு வந்து சுவரருகே நின்று மூச்சை இழுத்தார்.

"இந்த வாடை எனக்குத் தெரியும்," என்றார் கணவரிடம். "பத்து வருஷமா உங்க வேட்டியில இதைத்தான் துவைச்சேன். கிடங்குக்குப் போயிட்டு வர்றேன்னு சொல்வீங்க. எந்தக் கிடங்குன்னு இப்பத்தான் தெரியுது."

முதலாளி தலைப்பாகையைக் கழற்றி மேசைமேல் வைத்தார். 

அவர் மனைவி என் பக்கம் திரும்பினார். "நீங்கதானே பூசினது, தம்பி? தெரிஞ்சேதான் பூசினீங்களா?"

"தெரிஞ்சுதாம்மா."

"அப்ப நீங்களே உடைங்க. என் பிள்ளைங்களை இந்த நாத்தத்துல படுக்க வைக்க மாட்டேன்."

உடைத்தேன். சிமெண்டு தனியாக வரவில்லை. செங்கல்லின் முகத்தையும் பிய்த்துக்கொண்டு வந்தது. அந்தத் துரை வளைவாக உருட்டி வைத்திருந்த வாசல் விளிம்புகளில் நான்கு நொறுங்கிப் போயின. எத்தனை பொறுமையாகச் செய்தும் அவற்றை அதேபோல் என்னால் மறுபடி கட்ட முடியவில்லை.

பிறகு களிமண். அப்பிய மண் காய்ந்து பெயரும்போது பழுப்பாக, நாறிக்கொண்டு வரும். வெள்ளிக்கிழமைதோறும் அந்த அம்மா ரிக்‌ஷாவில் வருவார். அறை அறையாகப் போய்ச் சுவரில் மூக்கை வைத்துப் பார்ப்பார். "இன்னும் இருக்கு," என்பார், போய்விடுவார். இரண்டு மழைக்காலம் கழிந்தபின் ஒரு வெள்ளிக்கிழமை, கடைசி அறையிலிருந்து வந்து, "மண்ணு வாடைதான் வருது. பூசுங்க," என்றார்.

குடிபுகுந்த அன்று என்னையும் சாப்பிடச் சொன்னார்கள். கூடத்தில் காற்று சுகமாக ஓடியது. வீடு ஏறக்குறைய அந்தத் தாளில் இருந்த வீடுதான். பந்தியில் எனக்கு எதிரே முதலாளி உட்கார்ந்து, பக்கத்திலிருந்த உறவினரிடம் சொல்லிக்கொண்டிருந்தார்:

"ஒரு தோல்காரன், அறிவு கெட்டவன், இந்த வீட்டை நாசம் பண்ணி வச்சிருந்தான். நான் மட்டும் வாங்கலேன்னா இது மண்ணாப் போயிருக்கும். எவ்வளவு பெரிய துரை கட்டின வீடு!"

உறவினர் உருகிப்போய்த் தலையாட்டினார். முதலாளியின் கண்ணில்கூட ஈரம் தெரிந்தது. தான் சொல்வதை அவர் நம்பிவிட்டிருந்தார்.  பாதிச் சாப்பாட்டில் இலையை மூடிவிட்டு எழுந்தேன். பரிமாறிக்கொண்டிருந்த அந்த அம்மா என்னைப் பார்த்தார்.  கை கழுவச் செம்பில் தண்ணீர் எடுத்துக் கொடுத்தார்.