பதினாறாவது ஸ்க்ரூ

என் மேசை டிராயரில் ஒரு ஸ்க்ரூ கிடக்கிறது. ஒன்றரை அங்குலம், தலையில் லேசாகத் துரு. ஹாலில் நிற்கும் என் கிட்டார் ஸ்பீக்கர் பெட்டியின் பின்பலகையில் பதினாறு ஓட்டைகள். பதினைந்தில்தான் ஸ்க்ரூ உண்டு. பதினாறாவது இது. காலையிலிருந்து நாலு தடவை டிராயரைத் திறந்து மூடிவிட்டேன். "என்ன, குட்டி போட்ட பூனையாட்டம் அலையுறீங்க?" என்று மனைவி கேட்டேவிட்டாள். ஞாயிற்றுக்கிழமையானால் எனக்கு இருப்புக் கொள்வதில்லை. மச்சான் கடைசியாக வந்துபோய் இரண்டு மாதம் ஆகிறது.

மச்சான் என்றால் மனைவியின் அண்ணன். அவர்கள் மதுரைக்குள் இருக்கும் சௌராஷ்டிரக் குடும்பம். நான் வாடிப்பட்டிப் பக்கம் வயல் பார்க்கிற சம்சாரி வீட்டுப் பிள்ளை. பகலில் டயர்க் கடை வேலை, சாயங்காலம் மெல்லிசைக் குழுவில் கிட்டார். எங்கள் கல்யாணம் ரெஜிஸ்டர் ஆபீஸில் நடந்தது. அவள் அம்மா கதவைச் சாத்தினார். மச்சானும் அம்மாவின் கையில் அடித்துச் சத்தியம் செய்துவிட்டார், உறவென்று சொல்லி அவள் வீட்டுப் படி ஏறமாட்டேன் என்று. மறு வருஷம் சமயநல்லூரில் எங்கள் வாடகை வீட்டு வாசலுக்கு வந்து, ஒரு எவர்சில்வர் குடத்தையும் சொம்பையும் படியில் வைத்துவிட்டு, செருப்பைக்கூடக் கழற்றாமல் வண்டியைக் கிளப்பிக்கொண்டு போனார். அவளுக்கு வந்த சீர் அம்புட்டுதான். அந்தக் குடத்தை அவள் தண்ணீருக்குக்கூடப் புழங்கவில்லை. சொம்பை அதன் வாயில் கவிழ்த்து, சமையலறை ஷெல்ஃபில் வைத்திருந்தாள்.

அந்தச் சமயத்தில்தான் பழைய ஆம்ப்ளிஃபயர் ஒன்றும் பன்னிரண்டு அங்குல ஸ்பீக்கர் ஒன்றும் எனக்குக் கிடைத்தன. பெட்டி இல்லாத ஸ்பீக்கர் தகரம் மாதிரிதான் கத்தும். மைக்செட்காரர்களிடம் கேட்டால் திருவிழாவுக்குக் கட்டுகிற பீரோ சைஸ் பெட்டியைக் காட்டினார்கள். அப்போது அவள் அடுப்பைப் பார்த்தபடியே சொன்னாள்: "எங்க அண்ணனைக் கூப்பிடுங்க. உறவுன்னாத்தானே வரமாட்டாரு? வேலைன்னா வருவாரு."

வந்தார். கப்பலூரில் ஒரு மில்லில் மெஷின் ஃபிட்டர் அவர். நீளமான ஸ்க்ரூடிரைவரின் நுனியை ஓடுகிற மெஷினில் வைத்து, பிடியைக் காதோடு ஒட்டிக் கேட்டு, எந்த பேரிங் போகப்போகிறது என்று சொல்லிவிடுவார். எங்கள் வீட்டில் வேலையாள் மாதிரியே தரையில் உட்கார்ந்தார். தண்ணீர் கொடுத்தால் வேண்டாம் என்று பையிலிருந்து சொந்த பாட்டிலை எடுத்தார். கனமான ப்ளைவுட்டை அறுத்து, உள்ளே மூலைக்கு மூலை கட்டை கொடுத்து, பின்பலகைக்கு ரப்பர் பட்டை ஒட்டி, பதினாறு ஸ்க்ரூ முடுக்கினார். இரண்டாம் ஞாயிறு பெட்டி தயார். கிட்டாரை மாட்டித் தடித்த கம்பியில் ஒரு சுரத்தை அடித்தேன். எங்கிருந்தோ ஜிர்ர்ர் என்று ஒரு அதிர்வு.

"எங்கயோ லூசா இருக்கு மாப்ள," என்றார். திருவிழாக் கச்சேரிக்கு ஐந்து வாரம்தான் இருந்தது. பதினாறையும் கழற்றி முடுக்கினோம். வினோதம் என்னவென்றால், வார நாட்களில் அதே சுரத்தை அடித்தால் பெட்டி சமர்த்தாகப் பாடும். ஞாயிற்றுக்கிழமை மச்சான் வந்து உட்கார்ந்ததும் ஜிர்ர்ர். எனக்கு மண்டை காய்ந்தது. பொறுமை என்பது என் ஜாதகத்திலேயே கிடையாது. நான் குறுக்கும் நெடுக்கும் அலைவேன். அவரோ நிதானமாக ஸ்க்ரூடிரைவரைப் பெட்டியில் வைத்துக் காது கொடுப்பார், "ம்ஹும்" என்பார், மறுபடி பின்பலகையைக் கழற்றுவார். மூன்றாம் ஞாயிறு தண்ணீர் வாங்கிக் குடித்தார். நான்காம் ஞாயிறு காப்பி. ஐந்தாம் ஞாயிறு அண்ணனும் தங்கையும் அவர்கள் வீட்டுப் பாஷையில் எதையோ சொல்லிச் சிரித்தார்கள். வேலை கிடக்கும்போது என்ன சிரிப்பு என்று எனக்கு எரிச்சல்கூட வந்தது.

ஆறாம் ஞாயிறு, நீள வயரை இழுத்துக்கொண்டு அந்தச் சுரத்தை அடித்தபடியே வீடு முழுக்க நடந்தேன். சமையலறை ஷெல்ஃபை மறித்துக்கொண்டு அவள் நின்றாள். "தள்ளும்மா" என்று நகர்த்திவிட்டு அடித்தேன். குடத்தின் மேல் சொம்பு நடுங்கியது. விரலை வைத்தேன், சத்தம் நின்றது. எடுத்தேன், ஜிர்ர்ர்.

"மச்சான், கண்டுபிடிச்சிட்டேன்! பெட்டியில ஒரு குறையும் இல்ல, எல்லாம் உங்க சொம்பு!" என்று தெருவுக்கே கேட்கக் கத்தினேன்.

 ஹாலுக்கு வந்தால், கருவிகளை ஒவ்வொன்றாகப் பைக்குள் வைத்துக்கொண்டிருந்தார். டம்ளரில் பாதிக் காப்பி அப்படியே இருந்தது. "அப்ப வேலை முடிஞ்சது மாப்ள," என்றார். நம் ஊரில் யாரும் விடைபெறும்போது சொல்லாத வார்த்தையைச் சொன்னார். "போறேன்."

வண்டி தெருமுனை திரும்பியதும், குடத்துக்குப் பின்னாலிருந்து மடித்த துணி ஒன்றை எடுத்து அவள் என் முன்னால் போட்டாள். வார நாட்களில் சொம்புக்கு அடியில் அது இருக்கும். ஞாயிறு காலையில் எடுத்துவிடுவாள். "ஆறு வாரமா எங்க அண்ணன் என் வீட்டுல வந்து உக்காந்தாரு. அது பொறுக்கலையா உங்களுக்கு?" என் புத்தியைச் செருப்பால் அடிக்க வேண்டும். அப்புறம்தான் இன்னொன்றும் உறைத்தது. ஓடுகிற மெஷினுக்குள் எது தேய்கிறது என்று காதாலேயே சொல்கிற மனுஷனுக்கு, பத்தடி தள்ளி அவரே வாங்கி வைத்த சொம்பு ஆடுவது கேட்காமலா இருந்திருக்கும்?

அடுத்த ஞாயிறு கச்சேரி. பெட்டி பிரமாதமாகப் பாடியது. யார் செய்தது என்று கேட்டவர்களிடம் பேச்சை மாற்றினேன். அதற்கடுத்த ஞாயிறும் அவர் வரவில்லை. அவள் சண்டை போட்டிருந்தால் தேவலை. வாசலைப் பார்த்து உட்கார்ந்து காய் நறுக்கினாள். பத்து மணிவரை தாங்கினேன். பிறகு ஒரு ஸ்க்ரூவைக் கழற்றிச் சட்டைப்பையில் போட்டுக்கொண்டு போன் செய்தேன். "மச்சான், பெட்டி மறுபடியும் இரையுது."

அந்தப் பக்கம் கருவிப் பையை இழுக்கிற சத்தம் கேட்டது. "வாரேன்."

வந்து பெட்டியைத் திருப்பினார். காலி ஓட்டையில் விரலை வைத்தார். என் சட்டைப்பையைப் பார்த்தார், சமையலறைப் பக்கம் பார்த்தார். "இது ஒரு நாள்ல முடியிற வேலை இல்ல மாப்ள," என்றார். உள்ளே காப்பி ஆற்றும் சத்தம் கேட்டது.

அந்த வேலை பதினோரு வருஷமாக நடக்கிறது. மகள் பிறந்ததும் மாமியாரே வந்து தூக்கிக்கொண்டார். சத்தியமெல்லாம் காற்றோடு போயிற்று. ஆனாலும் மச்சான் கருவிப் பை இல்லாமல் வந்ததில்லை. பையில் அதே அளவு ஸ்க்ரூ எத்தனையோ கிடந்தும், ஒன்றை எடுத்து அந்த ஓட்டையில் முடுக்கியதுமில்லை.

இப்போது கோயம்புத்தூரில் மகன் வீட்டில் இருக்கிறார். முட்டியில் ஆபரேஷன். எழுந்து நடக்கச் சொல்கிறார் டாக்டர்; இவர் சுவரைப் பார்த்துப் படுத்தே கிடக்கிறார், சாப்பாடும் இறங்கவில்லை என்று மகன் அழாத குறையாகச் சொல்கிறான். நாங்கள் போய்ப் பார்த்தபோதும் முகம் கொடுத்துப் பேசவில்லை. எனக்குக் கோபம் கோபமாக வருகிறது. பயமாகவும் இருக்கிறது.

ஐந்தாவது தடவை டிராயரைத் திறந்து, ஸ்க்ரூவை உள்ளங்கையில் வைத்துக்கொண்டு போன் செய்தேன்.

"மச்சான், பெட்டி இரையுது."

 கட்டில் கிரீச்சிட்டது. எழுந்து உட்கார்கிறார் போல.

"நீங்க தொடாதீங்க மாப்ள," என்றார். "நான் வாரேன்."